எல்லாப் பழியும் சென்சர் தலையில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி பிரிட்ஜ் பற்றியது. அதிலும் பாதியில் ஒரே வசனம்: "சென்சர் போய்விட்டதாம்." யார் சொன்னது என்று பார்த்தால், வீட்டுக்குப் பழுது பார்க்க வந்த பாஸ். அவர் எதைக் கொண்டு அளந்தார் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது இரண்டு கதவு பிரிட்ஜ். மார்கழிக் கடைசியிலிருந்து மேல் பிரீசரில் வைக்கிற இறைச்சி இளகிவிடுகிறது. கீழே பால், மரக்கறி எல்லாம் நன்றாக இருக்கிறது. பாஸ் வந்து சென்சரை மாற்றினார். பத்து நாளில் அதே கதை. திரும்பவும் மாற்றினார். இதுவரை 17,500 ரூபா போய்விட்டது. போன வருடமும் தை மாதம் இப்படி ஆகி, சித்திரையில் தானாகச் சரிவந்தது. (வாசகி, நுவரெலியா)

பதில்: அம்மா, உங்கள் கடைசி வசனத்திலேயே பதில் இருக்கிறது. சித்திரை பிறந்ததும் சுகமாகிற சென்சர் எங்கேயும் இல்லை.

உங்கள் பிரிட்ஜுக்கு நோயில்லை, குளிர்தான். இந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் வெப்பத்தைப் பார்க்கிற கண், அதாவது சென்சர், ஒன்றே ஒன்று, அதுவும் கீழ்த்தட்டில். அங்கே 4, 5 பாகை வந்ததும், குளிரூட்டுகிற மோட்டாரான கொம்ப்ரசர் நின்றுவிடும். கீழ்த்தட்டு சூடேறினால்தான் மறுபடி ஓடும். கொழும்பில் சமையலறை 30 பாகை என்பதால் கீழ்த்தட்டு சீக்கிரம் சூடேறும், கொம்ப்ரசர் அடிக்கடி ஓடும், மேலே பிரீசரும் கல்லாக இறுகும். உங்கள் ஊரில் தை, மாசி விடியற்காலையில் தேயிலைக் கொழுந்தே பனியில் கருகுகிறது. அடுப்பு அணைந்த சமையலறை 10 பாகைக்கு இறங்கினால் கீழ்த்தட்டுக்குச் சூடேற வழி ஏது? கொம்ப்ரசர் மணிக்கணக்கில் தூங்கும். மேலே −18 பாகை வேண்டிய இறைச்சியின் நிலைமை அந்தக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பெட்டிக்குள் ஓரச்சுவரில் ஒட்டியிருக்கிற சின்ன லேபலைப் பாருங்கள். காலநிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். 'டி' (T) என்றால் அது 16 முதல் 43 பாகை வரையான அறைக்குச் செய்தது. 'எஸ்.என்' (SN) என்றால் 10 முதல் 32 வரை. நம் கடைகளில் நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் 'டி' தான். வெப்ப நாட்டுக்கென்று இறக்குகிறார்கள், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதே பெட்டியை 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊருக்கு லொறியில் ஏற்றி அனுப்பும்போது, வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இதைக் கடைகளில் கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "குளிரான ஊரில் பிரிட்ஜ் இன்னும் நல்லாத்தானே வேலை செய்யும் சேர்?" என்று ஒரு பையன் எனக்கே பாடம் எடுத்தான். பத்து வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுத்தின் அர்த்தம் தெரிந்த விற்பனையாளர் ஒருவரைக்கூட இன்னும் சந்திக்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். விடிய ஐந்து மணிக்குச் சமையலறையில் ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். பிறகு பெட்டியை வீட்டில் கதகதப்பான அறைக்கு இரண்டு நாள் மாற்றி வையுங்கள். விறகடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அங்கே பிரீசர் இறுகினால் வழக்கு முடிந்தது. சில பெட்டிகளில் குளிர்காலத்துக்கென்று தனி சுவிட்ச் உண்டு, கீழ்த்தட்டில் இலேசாகச் சூடு கொடுத்துக் கொம்ப்ரசரை எழுப்பிவிடும். இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்த தடவை வாங்கினால் பிரீசருக்கும் கீழ்த்தட்டுக்கும் தனித்தனி சென்சர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

பாஸிடம் கழற்றிய பழைய சென்சர் இரண்டையும் கேளுங்கள். அவை உங்கள் பொருள். அடுத்த பதிலில் சொல்கிற மாதிரி அளந்து, நல்லதாக இருந்தால், அந்த 17,500 பற்றி அவரிடம் நிமிர்ந்து நின்று பேசலாம்.

கேள்வி: எங்கள் பிரிட்ஜில் கரட், லீக்ஸ் எல்லாம் ஐஸ் ஆகிவிடுகிறது. கொம்ப்ரசர் நிற்பதே இல்லை. பெட்டியைக் கட்டுப்படுத்துகிற மின்பலகையை (போர்ட்) மாற்ற 38,000 கேட்கிறார்கள். என்னிடம் மல்டிமீற்றர் இருக்கிறது. நானே பார்க்கலாமா? (இளைஞர், தலவாக்கலை)

பதில்: பார்க்கலாம் தம்பி. காசு கொடுப்பதற்கு முன்னால் அளக்க நினைத்த முதல் ஆள் நீங்கள்தான்.

சென்சர் என்பது இரண்டு வயர் உள்ள, பாசிமணி போன்ற ஒரு சின்ன மணி, அவ்வளவுதான். குளிரக் குளிர அதன் மின்தடை கூடும், சூடேறினால் குறையும். போர்ட் அந்தத் தடையை வைத்துத்தான் வெப்பத்தைக் கணக்குப் போடுகிறது. மணிக்குள்ளேயோ இணைப்பிலோ ஈரம் இறங்கினால் தடை குறைந்து காட்டும். 'உள்ளே இன்னும் சூடாக இருக்கிறது' என்று போர்ட் நினைக்கும், கொம்ப்ரசர் நிற்காது, கரட் ஐஸாகும். நீங்கள் எழுதியிருப்பதும் அதே அறிகுறிதான்.

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. கீழ்த்தட்டு சென்சரின் இணைப்பை எடுத்து, முதலில் அதன் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். பிறகு ஒரு கிளாஸ் நிறைய இடித்த ஐஸ், அது மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர். கலக்கி, மணியை நடுவில் விட்டு ஐந்தாறு நிமிடம் பொறுங்கள். அது 0 பாகை, எந்த ஊரிலும் மாறாது. அறை வெப்பத்தில், அதாவது 25 பாகையில், 10 கிலோ ஓம் காட்டுகிற சாதாரண வகை சென்சர் இந்தக் கிளாஸில் ஏறக்குறைய 30 கிலோ ஓம் வரை ஏற வேண்டும். 5 கிலோ ஓம் வகையும் ஏறக்குறைய மூன்று மடங்காகும். எண் ஏறாமல் தடுமாறினால், அல்லது குதித்துக் குதித்து ஓடினால், குற்றவாளி கிடைத்தாயிற்று. முடிவில்லா தடை என்றால் வயர் அறுந்திருக்கிறது. சரியான எண்ணைப் பெட்டியின் சேர்விஸ் தாளில் பாருங்கள், கொம்பனிக்குக் கொம்பனி வேறு.

எண் சரியென்றால் உடனே போர்டுக்குப் போகாதீர்கள். பிரீசரிலிருந்து கீழே குளிர்காற்றை விடுகிற மூடி திறந்தபடி சிக்கினாலும் மரக்கறி உறையும். அதையும் பார்த்த பிறகுதான் 38,000 பற்றிய பேச்சு.

புதிய சென்சர் வாங்கும்போது என்னைப் போல முட்டாளாகாதீர்கள். 'எல்லாப் பிரிட்ஜுக்கும் பொருந்தும்' என்று புறக்கோட்டையில் ஒருவர் சொல்ல, 650 ரூபாவுக்கு வாங்கி வந்து மாட்டினேன். என் பெட்டி கேட்டது 5 கிலோ ஓம், நான் கொடுத்தது 10. தடை கூடுதலாகத் தெரிந்ததால் உள்ளே உறைபனி என்று போர்ட் முடிவு கட்டி, கொம்ப்ரசரைப் படுக்கப் போட்டுவிட்டது. இரண்டு லீற்றர் பாலும், மகள் வீட்டுக்குச் செய்து வைத்திருந்த வட்டிலப்பமும் நாசம். அதற்குப் பிறகு வீட்டில் என் கைக்கு ஸ்க்ரூ டிரைவர் கிடைப்பதில்லை.

வயரை எந்தப் பக்கம் மாற்றி இணைத்தாலும் பரவாயில்லை, சென்சருக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. ஆனால் வெறும் டேப் சுற்றி விடாதீர்கள். உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாய் போட்டு ஈரம் புகாமல் அடையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். பின்லேபலில் ஆர் 600 ஏ (R600a) என்றிருந்தால் உள்ளே ஓடுவது தீப்பிடிக்கும் வாயு. குழாயைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் கரண்ட் ஏறி இறங்குகிறது. 3,200 ரூபாவுக்கு ஒரு ஸ்டெபிலைசர் பார்த்தேன். வாங்கலாமா? (வட்டவளை)

பதில்: தூக்கிப் பாருங்கள். ஒரு கையில் பஞ்சு போல வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உண்மையான ஸ்டெபிலைசருக்குள் ட்ரான்ஸ்போமர் இருக்கும், அது இரும்பும் செம்பும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் நானும் பதறி ஒன்று வாங்கினேன். பிறகு திறந்து பார்த்தால் ஒரு சுவிட்ச், ஒரு பச்சை பல்ப்.

கேள்வி: கொழும்பில் ஒரு கண்காட்சியில் மலிவாகப் பிரிட்ஜ் எடுத்தோம். பற்றுச்சீட்டு தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் வாரமே குளிர் இல்லை. (பண்டாரவளை)

பதில்: நீங்களும் கேட்கவில்லை. இதற்கு மேல் நான் என்ன எழுத?

கேள்வி: தவணைக்கு எடுத்த பிரிட்ஜ். இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டும். பழுதானபோது ரோட்டில் வந்த ஒருவர் 'சென்சர் போச்சு, போர்டையும் பார்க்கணும்' என்று போர்டைக் கழற்றி எடுத்துப் போனார். மூன்று வாரம் கழித்து வேறு ஏதோ பழைய போர்டைக் கொண்டுவந்து மாட்டினார். இப்போது பெட்டி சத்தமே இல்லை. 25,000 கொடுத்தால் சரிசெய்வாராம். சம்பளமே அவ்வளவு வராது ஐயா. (பொகவந்தலாவை)

பதில்: தங்கச்சி, ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவரை வீட்டுக்குள் விடவும் வேண்டாம். நீங்கள் ஏமாந்தது உங்கள் பிழை இல்லை. பழுதென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று விற்ற கடை சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைக்கே தவணைப் புத்தகத்தையும் உத்தரவாத அட்டையையும் எடுத்து வையுங்கள். தவணை முடியவில்லை என்றால் உத்தரவாதக் காலமும் முடியாமல் இருக்க நிறைய வாய்ப்பு. முதலில் விற்ற கடைக்குப் போங்கள், தனியாக அல்ல, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரோடு. வெளியாள் கை வைத்ததால் உத்தரவாதம் செல்லாது என்பார்கள். அதையே எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். எழுதச் சொன்னதும் பல கடைகளின் குரல் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆளின் தொலைபேசி எண், அவர் வந்த திகதிகள், மாட்டியிருக்கிற போர்டின் படம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருள் வாங்கிய, அல்லது சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்குச் சேவை என்ற பெயரில் நடந்தது போன மாதம்தான், அதனால் காலம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். வழி கேட்க 1977 என்ற எண்ணை அழையுங்கள். எழுத ஆள் கிடைக்காவிட்டால் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: பிரீசரின் பின்சுவர் முழுக்கப் பனி மூடி, கீழே குளிர் வருவதில்லை. கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், திரும்பவும் வருகிறது. சென்சர்தானே? (ஹப்புத்தளை)

பதில்: முதலில் கத்தியைக் கீழே வையுங்கள். பின்னால் வாயுக் குழாய் இருக்கிறது, ஒரு கீறல் போதும், பிரிட்ஜ் அலுமாரியாகிவிடும். பெட்டியை அணைத்து, கதவைத் திறந்து ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு ஒரு வாரம் நன்றாக ஓடி மறுபடி பனி மூடினால், பனியை உருக்குகிற டிப்ரொஸ்ட் பகுதியில்தான் கோளாறு: ஹீட்டர், அதோடுள்ள பியூஸ், அல்லது, சரி, ஒப்புக்கொள்கிறேன், டிப்ரொஸ்ட் சென்சர். அளந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள்.