12 பங்குக்கு 100 பங்கின் காப்பா?

கேள்வி: சேமிப்பில், சிப் தயாரிப்பு நிறுவனமான என்விடியாவின் பங்கு 12 வாங்கியிருக்கிறேன். விலை சரிந்தால் தப்பிக்க புட் ஆப்ஷன் எடுக்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம் அம்மா. புட் ஆப்ஷன் என்பது, விலை சரிந்தாலும் பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமை. அமெரிக்கச் சந்தையில் வழக்கமான ஒரு புட் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கானது. மிச்ச 88-க்கும் சேர்த்து பிரீமியம் (அந்த உரிமைக்கான விலை) கட்டினால் அது காப்பு இல்லை, பந்தயம். 2022-இல் இந்தப் பங்கு ஏறக்குறைய பாதி விலையை இழந்தது. நானும் அப்போது வைத்திருந்தேன். பல இரவு தூக்கமே இல்லை. பயந்து விற்காமல் இருந்தேன் என்றால், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் தனியாக, தென்னாப்பிரிக்க நாணயமான ரேண்டில், வங்கியில் கிடந்ததுதான் காரணம். நீங்களும் முதலில் ஒரு வருடச் செலவை அப்படி ஒதுக்குங்கள். அப்புறம், இனி போடுவதை மாதாமாதம் சிறுகச் சிறுக, பல சிப் நிறுவனங்கள் சேர்ந்த இ.டி.எஃப்.-இல் (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் நிதி) போடுங்கள். ரேண்ட் வலுத்தால் டாலர் லாபம் இங்கே சுருங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.