அவர்கள் எண்ணுவதற்கு முன் நீங்கள் எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் சிற்றூருக்கு நாளொன்றுக்கு நான்கு நடை வந்த பேருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அஞ்சலகம் வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது. அடுத்து, தொடக்கப்பள்ளியையும் வேறு பள்ளியோடு இணைக்கப்போவதாகப் பேச்சு. மனு கொடுத்தால், ‘பயன்படுத்துவோர் குறைவு’ என்று பதில் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பயன்படுத்துவோர் குறைவு என்ற அந்தக் கணக்கை யார், எந்த நாள்களில் எடுத்தார்கள் என்று முதலில் எழுத்துமூலம் கேளுங்கள். மாலையில் திரும்பி வர வண்டி இல்லாதவர் காலை வண்டியிலும் ஏறமாட்டார். மாலை நடையை நிறுத்திவிட்டுக் காலை நடையில் கூட்டமில்லை என்று எழுதிவைத்தால், அது கடையைப் பூட்டிவிட்டு வியாபாரமில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பிரிட்டனில் 1963-இல் வெளியான, ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை 2,363 ரயில் நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. அதற்கு அடிப்படையான பயணிகள் கணக்கெடுப்பு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் நடந்தது. கோடை விடுமுறையில் நிரம்பி வழியும் கடற்கரை நிலையங்கள் அந்த வாரத்தில் வெறிச்சோடித்தான் இருந்திருக்கும். மேலும், நகரத்தில் சீட்டு வாங்கி அங்கே வந்து இறங்கியவர் கொடுத்த கட்டணம் நகர நிலையத்தின் வரவாகவே பதிவானது. கிளைப்பாதை மூடப்பட்டபின் பயணிகள் முதன்மைப் பாதைவரை காரில் வந்து ரயில் பிடிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பும் பெரும்பாலும் பொய்த்தது. காரில் ஏறியவர்கள் போக வேண்டிய இடம்வரை காரிலேயே போய்விட்டார்கள்.

ஆகவே பள்ளி நடக்கும் காலம், விடுமுறை, அறுவடை, மழைக்காலம் என ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் நீங்களே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஏறியவர்களோடு இறங்கியவர்களையும், நேரம் ஒத்துவராமல் பயணத்தையே கைவிட்டவர்களையும் எழுதுங்கள். கைவிட்டவர்கள் எந்த அதிகாரியின் படிவத்திலும் இடம்பெறுவதில்லை. பள்ளிக்கு, இன்னும் ஐந்து வயது நிறையாத குழந்தைகளை ஆண்டுவாரியாகப் பட்டியலிடுங்கள். இணைக்கப்படவுள்ள பள்ளிக்கான தொலைவை வரைபடத்தில் பார்க்காமல், மழைநாளில் குழந்தை நடக்கக்கூடிய வழியில் அளந்து பாருங்கள். ஆசிரியர் இடமாற்றம்தான் பெறுகிறார் என்றால் அவருடைய சம்பளம் மிச்சமாவதில்லை. மிச்சமாகும் கட்டடப் பராமரிப்புச் செலவும் பள்ளி வாகனச் செலவில் கரையுமா என்பதைக் கேட்காமல் விடாதீர்கள்.

உங்கள் எண்களும் குறைவாகவே வந்தால் அதை மறைக்க வேண்டாம். ஒவ்வொரு சேவைக்கும் அது நிலைக்கக் குறைந்தபட்ச அளவு பயன்படுத்துவோர் வேண்டும் என்று ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-லேயே விளக்கியிருக்கிறார். தனித்து நிற்க இயலாத சேவைகள் ஒரே கூரையின்கீழ் வாடகையையும் ஊழியரையும் பகிர்ந்துகொண்டு நிற்கக்கூடும். பள்ளியில் காலியாக உள்ள அறைக்கு அஞ்சலகமோ நூலகமோ வரலாம். பேருந்துக்கு, நெதர்லாந்தில் 1977 முதல் ஓடும் ‘பூர்ட்புஸ்’ ஒரு முன்மாதிரி: எட்டுப் பயணிகள் அமரும் சிறு வண்டியை உள்ளூர்த் தன்னார்வலர்களே முறைவைத்து ஓட்டுகிறார்கள். வண்டி கிடைப்பதைவிட ஓட்டுநர்கள் நிலைப்பதுதான் கடினம் என்பதால், காய்ச்சலிலும் திருமண நாளிலும் மாற்று ஆள் கிடைக்கும் அளவுக்குப் பட்டியல் நீளும்வரை தொடங்காதீர்கள்.

மூன்றையும் ஒரே நேரத்தில் காக்க ஆள்பலம் போதாதென்றால், பள்ளியை முதலில் எடுங்கள். பள்ளி போனால் குழந்தையுள்ள குடும்பங்கள் வெளியேறும். பேருந்தின் அன்றாடப் பயணிகளும் அவர்களோடு போய்விடுவார்கள். முடிவு எடுக்கப்படும் தேதியைக் கேட்டு அறிந்து, அதற்கு முன்பே நோட்டின் நகலைக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.