சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய் குணமாகி 20 வருடம் ஆகிவிட்டது. இன்னும் செக்கப் போக வேண்டுமா?

கட்டாயம் போங்கள். பழைய நோய் திரும்புகிறதா என்று பார்க்க மட்டுமல்ல, அன்று வாங்கிய வைத்தியம் உடம்பில் எதை விட்டுப் போயிருக்கிறது என்று பார்க்கவும்தான்.

எனக்கு 13 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய். கழுத்தில் நெறிகட்டி மாதிரி தொடங்கியது. 6 சுற்று கீமோ, பிறகு கழுத்துக்கும் மார்புக்கும் கதிர்வீச்சு. 5 வருடம் கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் போய் வந்தோம். "பூரண குணம், இனி வர வேண்டாம்மா" என்றார்கள். அதன் பிறகு 12 வருடம் மலை இறங்கவே இல்லை.

31 வயதில் ஓயாத குளிர். டிசம்பர் பனியில் இங்கே யாருக்குத்தான் குளிராது என்று விட்டுவிட்டேன். ஏப்ரலிலும் கம்பளியை விட முடியவில்லை. அசதி, முடி கொட்டல், எடை வேறு ஏறியது. ஊர் டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க கரண்ட் வச்சாங்களா?" என்று கேட்டார். கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு குறைவு. கதிர்வீச்சு பட்ட சுரப்பி பல வருடம் கழித்தும் மெல்ல ஓய்ந்துபோகுமாம். இப்போது தினமும் ஒரு மாத்திரை, நன்றாக இருக்கிறேன்.

அடுத்து அவர் கேட்டது: "என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு?" எனக்குத் தெரியாது. சிகிச்சை எடுத்த இடத்தில் பழைய ஃபைல் இல்லை என்றார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது, இந்த ஊர் ஈரத்தில் தாள்கள் ஒட்டிப்போய். விறகடுப்புப் பக்கத்தில் வைத்து, சூடேற ஏற ஒவ்வொரு தாளாகப் பிரித்தார் அம்மா. பேனா மை கரைந்திருந்தது, டைப் அடித்த வரிகள் தப்பியிருந்தன. அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்து, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 300 மில்லிகிராம். சிறுநீரையே சிவப்பாக்கிய அந்த மருந்துதான். அது இதயத் தசையைச் சத்தமில்லாமல் தளர்த்தக்கூடும். மேடு ஏறி மூச்சு வாங்கினால் மேட்டின் மேல் பழி போட்டுவிடுவோம் நாம். அதனால் 2 வருடத்துக்கு ஒருமுறை எனக்கு எக்கோ, அதாவது இதயத்துக்கு ஸ்கேன். மார்பில் கதிர்வீச்சு வாங்கிய பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் வருடம் ஒருமுறை மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) எம்ஆர்ஐயும். இதை 25 வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், எனக்குச் சொல்ல ஆளில்லை.

உங்களுடையது ரத்தப் புற்றுநோய் என்பதால் தலைக்குக் கரண்ட் வைத்தார்களா, அட்ரியாமைசின் வகையைச் சேர்ந்த டாவுனோரூபிசின் போன்ற மருந்து ஏறியதா, எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள் என்று பாருங்கள். ஹார்மோன், எக்கோ, ரத்தம் வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் சி பரிசோதனைகளில் எது தேவை என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். இந்த வாரமே வீட்டில் அந்த ஃபைலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.