64 விண்ணப்பம், 2 இன்டர்வியூ

கேள்வி: கிராஃபிக் டிசைன் பட்டப்படிப்பு முடித்துப் பத்து மாதம் ஆகிறது. இதுவரை 64 இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். 2 இன்டர்வியூ வந்தது, இரண்டிலும் ‘சொல்லி அனுப்புகிறோம்’. மற்ற இடங்களிலிருந்து அந்த வார்த்தைகூட வரவில்லை. விளம்பரத்தில் மேலே ‘புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்கிறார்கள், கீழே ‘2 வருட அனுபவம் அவசியம்’ என்கிறார்கள். கல்லூரியில் என் வேலைகளைத்தான் ஆசிரியர்கள் ஜூனியர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள். போர்ட்ஃபோலியோவில் 22 வேலைகள் இருக்கின்றன, உங்கள் பார்வைக்கு அனுப்பியிருக்கிறேன். தப்பு என்னிடமா, துறையிடமா? பெயர் வேண்டாம் மேடம்.

பதில்: இரண்டு பக்கமும் இருக்கிறது. உங்கள் பக்கம் இருப்பதை ஒரு வாரத்தில் சரி செய்துவிடலாம், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

22 வேலைகளையும் பார்த்தேன். முதல் ஒன்பதும் லோகோ. இல்லாத ஒரு விமான நிறுவனம், இல்லாத ஒரு கேமரா கம்பெனி, இல்லாத ஒரு ஷூ. ஒவ்வொரு லோகோவும் டீ-ஷர்ட்டில், துணிப்பையில், பேனாவில், கண்ணாடிக் கதவில் என்று வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது, எல்லாவற்றின் மேலும் இடது பக்கத்திலிருந்து இளவெயில் சாய்வாக விழுகிறது. அந்த வெயில் இலவச மாக்கப் ஃபைலோடு (லோகோவைப் பொருள்களின் மேல் ஒட்டிக் காட்டும் ஆயத்தப் படம்) சேர்ந்து வருவது. உங்களுக்கு முன்னால் திறந்து பார்த்த போர்ட்ஃபோலியோவிலும் அதே வெயில்தான், அதே கோணத்தில். வேலை மோசம் என்று சொல்லவில்லை, கை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் யார் கேட்டார்கள், என்ன பிரச்சினை, ஏன் இந்த நீலம், முதலில் போட்டது எது, அதை ஏன் தூக்கிப்போட்டீர்கள் என்று எதுவுமே அதில் இல்லை. எல்லாம் பிறக்கும்போதே தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த குழந்தைகள் மாதிரி இருக்கின்றன.

அப்புறம் 17வதாக ஒன்று வருகிறது. ஒரு நூலகத்தின் உறுப்பினர் படிவத்தைத் திருத்தி அமைத்திருக்கிறீர்கள். பழைய படிவத்தின் போட்டோ இருக்கிறது, அதில் முகவரிக் கட்டத்துக்குள் இடம் போதாமல் யாரோ ஓரத்தில் வளைத்து வளைத்து எழுதிய பேனா எழுத்து தெரிகிறது. அடியில் நீங்கள் எழுதியது: “பலரும் 6வது கட்டத்தைக் காலியாக விட்டார்கள். கேட்டதற்கு, சாம்பல் நிறத்தில் இருந்ததால் அலுவலக உபயோகத்துக்கு என்று நினைத்தோம் என்றார்கள். சாம்பலை எடுத்துவிட்டேன்.” அட, இதை ஏன் 17வது இடத்தில் ஒளித்து வைத்தீர்கள்? நான் ஆள் எடுக்கும் மேஜையின் அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவள். ஒரே நாளில் அறுபது எழுபது போர்ட்ஃபோலியோ வரும், அவற்றைப் பார்க்கவென்று தனி நேரம் யாரும் ஒதுக்கித் தருவதில்லை. ஒரு கூட்டம் முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள், பாதி நேரம் போனில்தான் பார்ப்பேன். முதல் இரண்டு வேலையிலேயே மனசு முடிவு செய்துவிடும். 17வது வரைக்கும் வந்ததே கிடையாது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அந்த ‘சாம்பலை எடுத்துவிட்டேன்’ மாதிரி ஒரு வரியைத்தான், ஏனென்றால் இந்த ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் யோசித்துச் செய்வாரா என்பது அதில்தான் தெரியும்.

ஆகவே 22ஐ 5 அல்லது 6 ஆக்குங்கள். படிவம் முதலில் வரட்டும். லோகோவில் ஒன்றோ இரண்டோ இருக்கலாம், அதிலும் நீங்கள் நிராகரித்த வரைபடங்களை, பென்சில் கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி போதும். ‘பயனர் மைய அணுகுமுறை’ போன்ற வார்த்தைகள் வேண்டாம், அந்த 6வது கட்டத்தைப் பற்றி எழுதினீர்களே, அந்த மாதிரி எழுதுங்கள்.

இன்னொன்று, எல்லா இடத்துக்கும் ஒரே பிடிஎஃப்தான் போகிறது, இல்லையா? 64 தடவை ஒரே கடிதத்தைத் தபாலில் போட்ட மாதிரி. 1984இல் வந்த முதல் மேகின்டாஷ் கணினியின் ஐகான்களை வரைந்த சூசன் கேர் படித்தது நுண்கலை, கணினித் திரைக்கு வரைந்த அனுபவம் கிடையாது. ஆப்பிளில் வேலை பார்த்த பள்ளித் தோழர் ஒருவர் சொல்லித்தான் அந்த இன்டர்வியூவுக்கே போகிறார் (தெரிந்தவர் ஒருவர் இருந்தார் என்பதை மறைத்துக் கதை சொல்வது நியாயமில்லை). போவதற்கு முன் கட்டம் போட்ட ஒரு சின்ன நோட்டு வாங்கி, ஒரு கட்டத்தை ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டு, 32க்கு 32 கட்டத்துக்குள் படங்களை வரைந்து எடுத்துக்கொண்டு போனார். கணினி கையில் இல்லாமலே அந்த வேலையின் ஒரு துண்டைச் செய்து காட்டிவிட்டார், பாருங்கள். உங்களுக்கு நிஜமாகவே பிடித்த 10 நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து அதற்கு ஒட்டிய ஒரு சின்னத் துண்டை முதல் பக்கத்தில் வையுங்கள். 64க்கு விண்ணப்பிப்பதைவிட இது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன்.

‘2 வருட அனுபவம்’ என்பது பெரும்பாலும் ஆசைப் பட்டியல். 1, 2 என்று போட்டிருந்தால் தைரியமாக அனுப்புங்கள். 5 என்று போட்டிருந்தால் நிஜமாகவே 5தான் கேட்கிறார்கள், விட்டுவிடுங்கள்.

துறையின் பக்கம் இருக்கும் தப்பு என்னவென்றால், நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் வருடம் முழுக்க ஒரே பேனரைப் பத்து அளவுக்கு மாற்றுவதும், போட்டோவில் பின்னணியை வெட்டி எடுப்பதும்தான் செய்தேன். தலைமுடியைச் சுற்றி வெட்டுவதற்கே ஒரு முழு மத்தியானம் போகும். சலிப்புதான், ஆனால் அந்தச் சலிப்புக்குச் சம்பளம் கொடுத்து உள்ளே விட்டார்கள், பக்கத்து மேஜையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இன்று அதை மென்பொருள் ஒரு கிளிக்கில் செய்துவிடுகிறது. புதியவர்கள் நுழைந்த வாசல் அது, அதுதான் சுருங்கியிருக்கிறது. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. நோட்டில் கணக்கு எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள், ஒவ்வொரு ராத்திரியும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு தூங்கப் போவது உடம்புக்கு ஆகாது.

கேள்வி: இன்டர்வியூவுக்கு முன் ‘டெஸ்ட்’ என்று சொல்லி, தங்கள் புதிய தயாரிப்புக்கு ஒரு லோகோ, ஆப்பின் 4 திரைகள், 10 சமூக ஊடகப் பதிவுகள், எல்லாவற்றையும் 3 நாளில் கேட்டார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்து, யாரும் திறந்து மாற்றக்கூடிய மூல ஃபைல்களோடு அனுப்பினேன். பதிலே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவர்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட என்னுடையதைப் போலவே ஒரு பதிவு. இனிமேல் டெஸ்ட் என்றாலே மறுத்துவிடலாமா?

பதில்: எல்லா டெஸ்டையும் மறுக்க வேண்டாம். இரண்டு மூன்று மணி நேர வேலை, கற்பனையான ஒரு பொருளுக்கு, அல்லது அவர்கள் ஏற்கனவே வெளியிட்டு முடித்த ஒன்றை நீங்கள் எப்படிச் செய்திருப்பீர்கள் என்று கேட்பது, இதெல்லாம் நியாயமான சோதனை. உங்களிடம் கேட்டது டெஸ்டே இல்லை, ஒரு மாத வேலையை ஓசியில் முடித்துக்கொள்ளும் வழி. வரப்போகும் நிஜத் தயாரிப்புக்குக் கேட்கிறார்கள் என்றாலே உஷாராகிவிட வேண்டும். அமெரிக்க டிசைனர்களின் தொழில் அமைப்பான ஏஐஜிஏகூட இந்த மாதிரி சம்பளமில்லாத ‘ஸ்பெக்’ வேலைக்கு எதிரான நிலைப்பாட்டை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆக இது உங்கள் ஒருவரின் புலம்பல் இல்லை.

அடுத்த தடவை கேட்டால் கோபப்படாமல் ஒரு மெயில் போடுங்கள்: “இதற்கு எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறீர்கள்? இதை வெளியிடும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் அதற்கான தொகையைப் பேசிக்கொள்ளலாமா?” ஒழுங்கான இடம் என்றால் பதில் சொல்வார்கள், வேலையைக் குறைத்தும் தருவார்கள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். அனுப்பும்போது குறைந்த தெளிவில் ஒரு பிடிஎஃப் போதும், மூல ஃபைலை எந்தக் காரணம் கொண்டும் தர வேண்டாம். பணமும் வாங்காமல், எதிலும் கையெழுத்தும் போடாமல் செய்து கொடுத்த வேலையின் உரிமை தானாக அவர்களுக்குப் போய்விடாது. தேதியோடு அந்த மெயிலையும் ஃபைல்களையும் பத்திரமாக வையுங்கள், அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அவர்களுக்கு அடக்கமாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பணம் வருமா என்பது சந்தேகம்தான். யாரும் கேட்டதே இல்லை என்பதால்தான் அடுத்த ஆளிடமும் இதையே செய்கிறார்கள்.

கேள்வி: ஏஐ வந்துவிட்டது. பேசாமல் துறை மாறிவிடலாமா?

பதில்: மாறுங்கள், ஏஐ வராத துறை எது என்று கண்டுபிடித்ததும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

கேள்வி: என் ரெஸ்யூமேயைப் பக்கவாட்டில் இரண்டு பத்தியாக, அழகாக வடிவமைத்திருக்கிறேன். திறமைகளுக்கு வட்ட வட்டமாக அளவுகோல் போட்டிருக்கிறேன் (போட்டோஷாப் 90%, ஃபிக்மா 75%). பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். ஆனால் ஆன்லைனில் போட்டால் ஒரு நிமிடத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வருகிறது.

பதில்: போட்டோஷாப்பில் எதன் 90%? மீதி 10%இல் என்ன இருக்கிறது, அதை எப்போது கற்றுக்கொள்வீர்கள்? யாராவது இன்டர்வியூவில் கேட்டால் பதில் இருக்காது, வட்டங்களை எடுத்துவிடுங்கள்.

ஒரு நிமிடத்தில் வரும் பதிலை மனிதர் யாரும் எழுதியிருக்க முடியாது. விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் டிக் செய்த ஏதோ ஒன்றாலும் அது வரலாம், இருந்தாலும் ரெஸ்யூமேயை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் தேர்வு செய்து, காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருள் உங்களைக் கிட்டத்தட்ட அப்படித்தான் படிக்கிறது. இரண்டு பத்தியின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்து ‘பட்டம் போட்டோஷாப் முகவரி நீச்சல்’ என்று வந்தால் காரணம் தெரிந்துவிடும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வரைகோடுகளாக, மாற்றிச் சேமித்திருக்கிறீர்கள், அதாவது மென்பொருளுக்கு உங்கள் ரெஸ்யூமே வெற்றுத்தாள். ஒரே பத்தி, நிஜமான எழுத்து, வழக்கமான தலைப்புகள். கலையெல்லாம் போர்ட்ஃபோலியோவுக்கு.

அனுப்பிய பிரதியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. போன் நம்பரை மெல்லிய சாம்பலில் போட்டிருக்கிறீர்கள், நிறக் குறியீடு 999999. வெள்ளைப் பின்னணியில் அதன் வேறுபாட்டு விகிதம் (எழுத்து பின்னணியிலிருந்து எவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிகிறது என்ற அளவு) 2.85தான் வரும். பார்வை மங்கியவர்களும் படிக்க வசதியாக இருக்கும் இணைய அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கின்றன, 767676 வரைக்கும் இருட்டினால்தான் அதைத் தாண்டும். வேலை கொடுக்க நினைத்தவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அதுவும் டிசைனரின் ரெஸ்யூமேயில் இது வேலைத் தவறாகவே கணக்காகும்.

கேள்வி: என் மகள் டிசைன் படித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறாள். ஒரு அச்சகத்தில் வேலை வந்தது. ‘அது டிசைன் வேலையே இல்லை, ஃபைல் திருத்தும் வேலை’ என்று மறுத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் கேட்கும்போது பதில் சொல்ல முடியவில்லை. நான் எடுத்துச் சொன்னால் சண்டை வருகிறது. நீங்களாவது சொல்லுங்கள் மேடம்.

பதில்: உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. ஃபைல் திருத்தும் வேலைதான் அது. ஆனால் அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் வந்த டிசைனர்களால்தான் அச்சகத்தில் தினமும் தாள் வீணாகிறது. திரையில் பளபளக்கும் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் அச்சாகும்போது மங்கி நிற்கும். ஓரம் வரை நிறம் வேண்டும் என்றால் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். சின்ன எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் போடாமல் நான்கையும் கலந்து போட்டுவிட்டால், தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நீலமும் சிவப்பும் நிழலாடும். இதையெல்லாம் எனக்குக் கல்லூரியில் ஒரு மணி நேர வகுப்பாகச் சொன்னார்கள், புரிந்தது மெஷின் பக்கத்தில் நின்ற பிறகுதான். நான் தப்பாகக் கொடுத்த ஒரு அட்டை ஆயிரம் பிரதி அச்சாகி வந்து கட்டுக்கட்டாக நின்றபோது, அந்த மெஷின்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை. ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

போகட்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டாம். நேரம் எத்தனை மணி வரை, சம்பளம் எந்தத் தேதியில், திருத்துவதோடு சின்னச் சின்ன வடிவமைப்பும் கைக்கு வருமா, இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு சேரட்டும். ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருடம். நடுவில் வேறு இடங்களுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கலாம், அதில் துரோகம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கும் ஒன்று. தினமும் காலையில் வேலை விளம்பரங்களை அவளுக்கு ஃபார்வர்டு செய்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் செய்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. நிறுத்திவிடுங்கள், அதெல்லாம் அவள் முந்தின நாளே பார்த்திருப்பாள். சொந்தக்காரர்களிடம் ‘தேடிக்கொண்டிருக்கிறாள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். இந்தப் பக்கத்தை அவள் கண்ணில் படுகிற மாதிரி மேஜை மேல் வைத்துவிடுங்கள், படித்தாளா என்று கேட்காதீர்கள். அந்த அச்சகத்தில் இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று போன் செய்வதும் அவளே செய்யட்டும், நீங்கள் செய்ய வேண்டாம்.