துன்பப்படும் விசுவாசிகளைத் திருச்சபைத் தலைவர்கள் தேடிச் செல்லாதது ஏன்? அவர்கள் தங்களைச் சோதித்தறிவதே இல்லையா?

உங்கள் வீட்டில் யாரோ நெடுநாளாக நோயில் கிடக்கிறார்கள் என்றும், சபையிலிருந்து ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை என்றும் கேள்வியிலிருந்து புரிந்துகொள்கிறேன். அப்படி எட்டிப்பார்க்காதவர்களில் நானும் ஒருவன். தென் மாவட்டத்துக் கிராமச் சபை ஒன்றில் ஆறு ஆண்டுகள் கமிட்டிச் செயலாளராக இருந்தேன்.

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி மார்பகப் புற்றுநோயால் வேலூருக்கும் ஊருக்குமாக ஒன்றரை ஆண்டு அலைந்தார். அவருடைய கணவர் தையற்கடை வைத்திருந்தார். ஞாயிறுதோறும் நோயாளிகளுக்கான ஜெபத்தில் அவர் பெயரை நானே வாசித்து, அத்துடன் என் ஊழியம் முடிந்தது என்று எண்ணியிருந்தேன். ஆலயத்திலிருந்து நான்கு தெரு தள்ளியிருந்த அவர் வீட்டுக்கு அந்த ஒன்றரை ஆண்டில் இரண்டு முறை மட்டுமே போனேன். முதல் முறை கோபுரக் கட்டட நன்கொடைக்காக, இரண்டாம் முறை, குடும்பங்கள் மாதந்தோறும் சபைக்குச் செலுத்தும் சங்கக் காணிக்கைக்காக. இரண்டு முறையும் கையில் ரசீதுப் புத்தகம் இருந்தது. அந்த இரண்டாம் முறை, முடியுதிர்ந்த தலையைத் துண்டால் மூடியபடி கட்டிலிலிருந்து எழ முயன்றவர், “அண்ணாச்சி, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்” என்றார். இன்னும் மூன்று வீடு பாக்கி இருக்கிறது என்று சொல்லி, நின்றவாறே ஜெபம் செய்துவிட்டுப் புறப்பட்டேன்.

இரண்டு மாதத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சங்கப் பாக்கியைத் தீர்த்த பிறகே கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட அனுமதி கொடுப்பது எங்கள் சபையின் வழக்கம். பதினான்கு மாதப் பாக்கி 2,800 ரூபாய். உடல் வீட்டில் கிடக்கும்போதே நான் போய்ச் சொன்னேன். அவருடைய கணவர் தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து, நூற்கண்டுகளுக்கு அடியிலிருந்து நூறும் ஐம்பதுமாக எடுத்துக் கொடுத்து, “சரியா இருக்கா பாருங்க அண்ணாச்சி” என்றார். நான் எண்ணிப் பார்த்து ரசீது எழுதினேன்.

சபைக் காரியத்தைப் பொதுவெளியில் பேசலாமா என்று சிலர் என்மேல் கோபப்படக்கூடும். காணிக்கை இல்லாவிட்டால் ஊழியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது, நான் காணிக்கைக்கு எதிரானவனும் அல்லன். ஆனால், தங்கள் விசுவாசத்துக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்த, தாவீது சுந்தரானந்தம் உபதேசியாரின் முயற்சியால் 1799ஆம் ஆண்டில் நிலம் வாங்கி முதலூர் என்ற கிராமத்தை உருவாக்கிய மண் இது. ஒதுங்க இடமற்றவர்களுக்கு இடம் கொடுத்து வளர்ந்த சபையின் பிள்ளையாகிய நான், ஆறடி மண்ணுக்குப் பாக்கி வசூலித்தேன்.

இதைக் குற்றமாக உணர எனக்கு ஓராண்டு ஆனது. அந்த வழக்கம் எனக்கு முன்பே இருந்தது, கமிட்டியின் தீர்மானத்தைத்தானே நிறைவேற்றினேன் என்று மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். மேய்ப்பர்கள் நோயுற்ற ஆட்டைக் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்ததற்குக் காயம் கட்டவில்லை என்று எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் குற்றஞ்சாட்டுவதை நான் எப்போதும் ஆயர்களையும் பேராயர்களையும் குறித்தே வாசித்து வந்தேன். எங்களைப் போன்ற சபை மூப்பர்களிடம் இந்த நோய் மிகுதி: திருமண்டலத் (பல சபைகள் சேர்ந்த பேராயரின் ஆளுகைப் பகுதி) தேர்தல், வழக்கு, சொத்து என்று மேலே இருப்பவர்களின் குறைகளை நாள்முழுதும் ஆராய்வோம், நம் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து பார்க்கமாட்டோம். திருவிருந்துக்கு முன் சொல்லும் பாவ அறிக்கையில்கூட ‘நாங்கள் பாவம் செய்தோம்’ என்று எல்லோரும் சேர்ந்து சொல்வதால், எந்த வீட்டில், எந்த நாளில், யாருக்கு என்று ஒருவரும் நினைத்துப் பார்க்க வேண்டியிருப்பதில்லை.

கடைசியில், லெந்து எனும் தவக்காலத்தில் ஒரு நாள் அந்தச் சகோதரியின் கணவருடைய கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தையலை நிறுத்தாமலே, 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் சிறிதாகத் தொடங்கி வளர்ந்த அந்த வேலூர் மருத்துவமனையில் ஆறுதல் ஊழியம் செய்யும் ஒருவர் தினமும் மாலையில் வந்து, பெரும்பாலும் எதுவும் பேசாமல் தம் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். “அவரு வர்ற நேரம் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருப்பா” என்றார்.

உங்கள் ஆயரிடமும் செயலாளரிடமும் நேரில் போய், எத்தனை நாளாக ஒருவரும் வரவில்லை என்று நாளைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாகக் குறை சொன்னால் என்னைப் போன்றவர்கள் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அடக்கத்தின்போது பாக்கி கேட்பதை அறவே நிறுத்த வேண்டும் என்று எங்கள் கமிட்டியில் நான் தீர்மானம் கொண்டுவந்தேன். அடக்கம் முடிந்து முப்பது நாள் கழித்துக் கேட்கலாம் என்ற அளவுக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். இப்போது நான் செயலாளர் இல்லை. ஆனாலும் வரும் ஆண்டுக் கூட்டத்தில் அதை மறுபடியும் எழுப்ப எழுதிக் கொடுத்திருக்கிறேன்.