ஹேண்டிலைத் திருப்பினால் பியூஸ் போகிறது

கேள்வி: என்னுடையது பழைய 150 சிசி கார்புரேட்டர் பைக். 15 ஆம்பியர் மெயின் பியூஸ் அடிக்கடி போகிறது. சில நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் வண்டியைத் திருப்பும்போது திடீரென்று எல்லாம் அணைந்துவிடும். மெக்கானிக் வயரிங் கிட்டையே மாற்றச் சொல்கிறார். வேறு வழி உண்டா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்டு, கிட்டை மாற்ற அவசரப்படாதீர்கள். திருப்பும்போது போகிறது என்று நீங்களே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து பாடியில் படுகிறது, ஹேண்டில் அசையும்போது மட்டும் படுகிறது, அவ்வளவுதான்.

பியூஸைக் கழற்றிவிட்டு, அது இருந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றை ஹோல்டரோடு மாட்டுங்கள். இனி ஷார்ட் ஆனாலும் பல்ப் வழியாக 2 ஆம்பியருக்குள்தான் கரண்ட் போகும், அதனால் வயரும் கருகாது, பியூஸும் வீணாகாது. ஹெட்லைட் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளக்கை, பிடுங்கிவிட்டு சாவியைப் போடுங்கள். பல்ப் மங்கலாக எரிந்தால் பயமில்லை, அது மற்ற லைட்டுகள் இழுக்கிற கரண்ட். முழு வெளிச்சத்தில் எரிந்தால்தான் ஷார்ட்.

இப்போது ஒருவரை பல்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள், பளிச்சென்று எரிகிற இடத்தில் அப்படியே நிறுத்திவிட்டு, கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் வெளிச்சம் குறைகிறதோ, கோளாறு அந்த வழியில். சாவியை அணைத்த பிறகும் முழுசாக எரிகிறதா? அப்படியானால் பியூஸிலிருந்து சாவி சுவிட்சுக்குப் போகும் வயரிலேயே ஷார்ட். அந்த வயர் ஹேண்டிலுக்குக் கீழே, சேஸின் கழுத்துப் பகுதியில் தினமும் மடங்கி நிமிர்கிறது, நான் முதலில் சந்தேகப்படுவதும் அதைத்தான். டேங்கின் முன்பக்க ரப்பருக்கு அடியில் வயர் நசுங்கியிருக்கிறதா, பிறகு சேர்த்த ஹார்ன், பாக் லைட் ஜாயின்ட்டுகளில் டேப் பிரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இடம் தெரிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு பேட்டரியே ஷார்ட் ஆகும். வெறும் டேப் சுற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி தேய்ந்துவிடும், அதனால் கெட்ட துண்டை வெட்டி, அதே தடிமன் வயரைச் சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, ஹேண்டில் முழுசாகத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள்.

தயவுசெய்து பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டி காகிதமோ வைக்காதீர்கள். பியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும், அது போவதோ பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

கேள்வி: பின் லைட் வயரையும் பாடியையும் மல்டிமீட்டரில் தொட்டால் பீப் சத்தம் வருகிறது. ஷார்ட்தானே?
- வாசகி, தாராபுரம்

பதில்: உடனே அப்படி முடிவு செய்யாதீர்கள். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, 21 வாட் பல்பில் ஒரு ஓம் அளவுக்குக்கூட இறங்கிவிடும், மீட்டர் அதை நேரடித் தொடர்பு என்றே எடுத்துக்கொள்ளும். பேட்டரியை விலக்கி, பின் லைட் பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி தொடுங்கள். அதே வயரில் வேறு பல்புகள் இருந்தால், ஸ்பீடோமீட்டர் பல்பு உட்பட, அவற்றையும் கழற்றுங்கள். அப்போதும் பீப் வந்தால் பின் மட்கார்டுக்கு அடியில் டயர் உரசும் இடத்தில் தேடுங்கள்.