குடில்காரர் எங்கே போனார்?

கணினி விளையாட்டு பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் தக்கலையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் 'இன்ஸ்கிரிப்ஷன்' என்ற சீட்டு கேமை வாங்கினேன். இருட்டுக் குடில், எதிரே கண் மட்டும் தெரியும் ஆள், மேசையில் சீட்டு. மூன்று ராத்திரி தூங்கவில்லை. அவரை ஜெயித்ததும் எல்லாம் போய்விட்டது! பழைய கையடக்க கேம் மாதிரி ஒன்று வந்தது, அதற்குப் பிறகு ரோபோ தொழிற்சாலை. ஏமாந்துவிட்டேன் என்றே தோன்றுகிறது. அறைத்தோழனோ அந்த மாற்றம்தான் உயிர் என்கிறான். யார் சொல்வது சரி?
- கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: (இன்னும் ஆடாதவர்கள் இதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.)

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. அதை ரசனைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டினவர். மழை பிடித்தால் வெட்டு இல்லை. ஷீட் அடிக்கிற கொட்டகையில் நாலு பேர் உட்கார்ந்து இருபத்தெட்டு ஆடுவார்கள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ராஜாவுக்கு ஒன்றும் இல்லை. நாலு சீட்டு கைக்கு வந்ததும் ஏலம், ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார், பிறகு மீதி நாலு. அந்தத் துருப்பு திறக்கிற நொடியில் ஆட்டமே தலைகீழாகும். ஆனால் ஒரு துருப்பு கவிழ்ந்து கிடக்கிறது என்பது உட்காரும்போதே நாலு பேருக்கும் தெரியும். ஒருநாள் இன்னும் ரெண்டு பேர் வந்து சேர, ரெண்டு கட்டு வைத்து ஐம்பத்தாறு ஆடலாம் என்றார்கள். என் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார். அவருக்கு ஆடத் தெரியாமல் இல்லை. வந்தது இருபத்தெட்டுக்கு.

உங்கள் நிலையும் அதுதான். குடிலில் நீங்கள் பழகியது என்ன? அணில் சீட்டைப் பலி கொடுத்து ஸ்டோட் என்ற கீரி மாதிரி மிருகத்தை இறக்குவது, ரெண்டு உயிர் கொடுத்து ஓநாயை இறக்குவது, வெற்றி தோல்வியைக் காட்டும் தராசு 5 புள்ளி சாயும் வரை மூச்சைப் பிடிப்பது, தோற்றால் அந்தத் தோல்வியிலிருந்தே ஒரு புதுச் சீட்டு செய்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. அந்தச் சுழற்சி கைக்குப் படிந்த நேரத்தில் மேசையை எடுத்துவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு: ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் திரும்பக் கேட்கலாம். குடிலைத் தாண்டப் பெரும்பாலும் அதைவிட அதிக நேரம் ஆகும். மாற்றம் பிடிக்கவில்லை என்று தெரிய வரும்போது கதவு சாத்தியிருக்கும்.

இரண்டாம் பாகத்தில் எனக்கே குறை உண்டு. குடிலில் சீட்டு இறக்க ரத்தமும் எலும்பும்தான் விலை. இங்கே மின்சக்தி, மணிக்கல் என்று ரெண்டு சேர்ந்து நாலாகிவிடுகிறது. நாலையும் ருசி பார்ப்பதற்குள் பாகம் முடிந்துவிடுகிறது.

ஆனாலும் உங்கள் தோழன் பக்கம் ஒரு வலுவான சாட்சி இருக்கிறது. முதன்முதல் திறந்தபோது முகப்பைப் பார்த்தீர்களா? 'புதிய ஆட்டம்' பொத்தானே வேலை செய்யாது, 'தொடர்க' மட்டும்தான். நமக்கு முன்னால் யாரோ ஆடிப் பாதியில் விட்டிருக்கிறார்கள். இதை உருவாக்கிய டேனியல் மல்லின்ஸ் ஒளித்து வைத்ததும் உண்மை, துருப்பு கவிழ்ந்து கிடக்கிறது என்று முதல் திரையிலேயே காட்டியதும் உண்மை.

குடில்காரர் லெஷியை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆள் முகமூடி மாற்றி மாற்றிச் சுரங்கக்காரனாக, மீன்காரனாக, வேடனாக வருகிறார். நம் ஊர் வில்லுப்பாட்டில் அண்ணாவி ஒருவரே ராஜாவுக்கும் பேய்க்கும் குரல் கொடுப்பாரே, அப்படி. மூன்றாம் பாகத்து பி-03 ரோபோவுக்கோ கதை தேவையில்லை, விதி ஓடினால் போதும். அந்தத் தொழிற்சாலையில் உங்களுக்கு ஒரு வெறுமை தட்டியிருந்தால், நீங்கள் தேடியது சீட்டை மட்டும் அல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவரை. பாகங்கள் மாறாமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. அதனால்தான் 2022இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரிய பரிசும் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதும் இதற்குச் சேர்ந்து கிடைத்தபோது உள்ளபடியே சந்தோஷப்பட்டேன்.

நிறுத்தாதீர்கள் மக்களே. கடைசியில் லெஷியை மறுபடி பார்ப்பீர்கள், தராசு முக்கியமில்லாத ஓர் ஆட்டம் இருக்கிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன். முடித்த பிறகு 'கேசீஸ் மாட்' இருக்கிறது, 2022 மார்ச்சில் இலவசமாகச் சேர்த்தது. குடில் மட்டும், சீட்டு மட்டும், எத்தனை ராத்திரி வேண்டுமானாலும். என் தாய்மாமனுக்கு அப்படி ஒரு கொட்டகை கிடைக்கவில்லை.

கேள்வி: மகன் பிளஸ் டூ. சீட்டு விளையாட்டு என்று இந்த 'இன்ஸ்கிரிப்ஷன்'தான் கேட்கிறான். பணம் வைத்து ஆடுவதா அண்ணாச்சி?
- ஒரு அம்மா, குலசேகரம்

பதில்: இல்லை தங்கச்சி. ஒருமுறை விலை கொடுத்தால் அவ்வளவுதான், பந்தயம் கிடையாது. ஆனால் தன் பல்லையே குறடால் பிடுங்கித் தராசில் வைக்கிற இடம் இருக்கிறது, கண்ணைக் குத்திக்கொள்ளும் கத்தியும் இருக்கிறது. முதல் அரைமணி பக்கத்தில் உட்காருங்கள். பரீட்சைக்கு முன்னால் வேண்டாம், இது விடாது.

கேள்வி: 'இன்ஸ்கிரிப்ஷன்' இரண்டாம் பாகத் தொடக்கத்தில் லெஷி, பி-03 உள்ளிட்ட நால்வரில் யாருடைய கட்டை எடுக்கலாம்?
- வாசகர், கொல்லங்கோடு

பதில்: நான் எடுத்தது அந்த நால்வரில் ஒருவரான கிரிமோராவின் எலும்புக் கட்டு. நம் பக்கத்துச் சீட்டு செத்தால் எலும்பு சேரும், தோற்கிற சுற்றிலும் கை வெறுமையாகாது. போகப்போக லெஷியின் மிருகங்களைக் கலந்து அடுக்குங்கள், குறைந்தது 20 சீட்டு வேண்டும். பலி கொடுத்த அணில் ரத்தமாகவும் உதவும், எலும்பாகவும் கைக்கு வரும்.